சூலக்கரையில் குங்குமப்பூ பூக்குமா?

வளைகாப்பு முடிந்த வீட்டில், பலகாரத் தட்டுகளோடு சின்னதாக ஒரு டப்பாவும் வந்து சேரும். ஒரு கிராம் குங்குமப்பூ. இரவில் பாலைக் காய்ச்சி, நாலைந்து இழைகளைக் கிள்ளிப் போட்டு, மஞ்சள் இறங்கும்வரை காத்திருந்து கொடுப்பார்கள். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. அது நம்பிக்கை மட்டும்தான். தோலின் நிறம் பெற்றோரின் மரபணுக்களில் எழுதப்பட்டது, பாலில் விழும் இழை அதை மாற்றாது. ஆனால் டப்பாவின் விலையைப் பார்த்த எவருக்கும் இன்னொரு கேள்வி வரும்: இதை நாமே வளர்த்தால் என்ன?

நியாயமான கேள்வி. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நாற்கரச் சாலையில், நகரத்தை விட்டதும் வருகிற சூலக்கரையையே எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்து மொட்டை மாடிகளில் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன, மல்லிகை பூக்கிறது. கொஞ்சம் பொறுமைசாலிகள் ரோஜாவையும் காப்பாற்றி விடுகிறார்கள். அப்படியிருக்கக் குங்குமப்பூ மட்டும் ஏன் காஷ்மீரிலிருந்து வர வேண்டும்?

"இது வறண்ட பூமி. இங்கே ஏது தண்ணீர்? அதெல்லாம் பனி பெய்கிற ஊரில்தான் வளரும்" என்பது பொதுவாகக் கிடைக்கும் பதில். அதில் பாதி தவறு. எந்தப் பாதி என்பதுதான் இந்த அத்தியாயம்.

விதையே இல்லாத செடி

முதலில் ஓர் எச்சரிக்கை. "குங்குமப்பூ விதை" என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தால் கடந்து போய்விடுங்கள். அப்படி ஒரு பொருளே உலகில் கிடையாது.

குங்குமப்பூச் செடி குரோக்கஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட காட்டு இனங்கள் உண்டு. மத்திய தரைக்கடலைச் சுற்றிய நாடுகளிலும் மேற்கு ஆசியாவிலும் மலைச்சரிவுகளில் தாமாகவே வளர்கின்றன, விதையும் தருகின்றன. குங்குமப்பூ மட்டும் தராது. பெரும்பாலான உயிர்களின் செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும், தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. குங்குமப்பூவில் மூன்று தொகுதிகள், தொகுதிக்கு எட்டாக மொத்தம் 24. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாததால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. இப்படிப்பட்ட செடியை மும்மடியம் என்பார்கள். நம் தோட்டத்து வாழைகளில் பெரும்பாலானவையும் மும்மடியங்கள்தாம். அதனால்தான் வாழைப்பழத்தில் கொட்டை இல்லை, நாமும் விதைக்குப் பதில் கன்றைப் பெயர்த்து நடுகிறோம்.

கிரேக்க நாட்டில் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதியில் வளரும் ஒரு காட்டுக் குரோக்கஸிலிருந்து இந்த மும்மடியம் தோன்றியது என்று 2019இல் வெளியான மரபணு ஆய்வுகள் காட்டின. அன்று முதல் இன்றுவரை மனிதன் கிழங்கைப் பிரித்துப் பிரித்து நட்டுத்தான் இது பரவியிருக்கிறது. காஷ்மீரின் பாம்பூரில் பூப்பதும் ஈரானில் பூப்பதும் கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல்கள்.

நடுவதற்குக் கிடைப்பது வெங்காயம் போலத் தோன்றும் ஒரு கிழங்கு. ஆனால் உரித்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வராது. பழுப்பு நார் உறைக்குள் கெட்டியாக, வெள்ளையாக ஒரே சதையாக இருக்கும். தண்டே தடித்து நிலத்துக்கடியில் உருண்டிருக்கும் இந்த வகைக்குத் தாவரவியலில் கந்தம் என்று பெயர். சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் கந்தங்களே. நல்ல குங்குமப்பூக் கந்தம் 10 முதல் 15 கிராம் இருக்கும். 8 கிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலும் இலை வரும், பூ வராது. கிழங்கு வாங்குபவர் எண்ணிக்கையை விட எடையைப் பார்க்க வேண்டும்.

வறட்சி குற்றவாளி அல்ல

காஷ்மீரில் குங்குமப்பூ விளையும் பாம்பூர், ஸ்ரீநகருக்குத் தெற்கே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரேவா என்னும் பழைய ஏரிப்படிவ மேட்டு நிலங்கள்தாம் வயல்கள். பெரும்பகுதி மானாவாரி. உலக உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் தருகிற ஈரானின் குராசான் பகுதியோ பாதிப் பாலைவனம். அங்கே ஆண்டு மழை நம் விருதுநகர் மாவட்டத்தின் மழையில் பாதி கூடத் தேறாது. நமக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறது.

ஆக, இது தண்ணீருக்கு ஏங்குகிற செடி அல்ல. சொல்லப்போனால் வறட்சிக்காகவே வடிவமைந்த செடி. கோடை வந்ததும் இலையை உதிர்த்து, வேரையும் விட்டுவிட்டுக் கந்தமாகச் சுருண்டு மண்ணுக்குள் படுத்துவிடும். அந்த நாலைந்து மாத உறக்கத்தில் அதற்கு ஈரமே ஆகாது. ஈரம் பட்டால் பூஞ்சை ஏறி அழுகிப்போகும். காஷ்மீர் விவசாயிகளின் பெரிய தலைவலிகளில் ஒன்று இந்தக் கிழங்கு அழுகல்.

1920களில் பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்ததற்கு விவசாயம் கைகொடுக்காத வறண்ட நிலமும், மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் காய்கிற காற்றும் முக்கியக் காரணங்கள். இன்றைக்கும் பட்டாசு ஆலையில் காயப் போடும் களத்துக்கு மழைதான் பகை. குச்சி காயத் தோதான அந்தக் காற்று, உறங்கும் கந்தத்துக்கும் தோதானதே.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் மண் உதவாது. சூலக்கரை வட்டாரத்துக் கரிசல், பருத்திக்கும் சோளத்துக்கும் தெய்வம், கந்தத்துக்கு எமன். ஐப்பசி அடைமழையில் கரிசல் தண்ணீரைக் குடித்து உப்பினால் வாரக்கணக்கில் விடாது. ஆனால் இது தீர்க்கக்கூடிய சிக்கல். தொட்டியில் செம்மண்ணும் மணலும் சரிபாதி, கொஞ்சம் மண்புழு உரம், அடியில் ஓட்டுச் சில்லு என்று போட்டால் முடிந்தது. மண்ணை விலைக்கு வாங்கிவிடலாம். தண்ணீரை அளந்து ஊற்றலாம். மிச்சமிருப்பது வெப்பம்.

இரண்டு பூட்டுகள்

குங்குமப்பூ காஷ்மீரில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை பூக்கிறது. அந்த மாதத்தில்தான் பூ உருவாகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பூ அதற்கு மாதக்கணக்கில் முன்பே, செடி உறங்குவதாக நாம் நினைக்கும் கோடையிலேயே, கந்தத்துக்குள் கடுகு மொட்டாக உருவாகிவிடுகிறது. வெளியே அசைவே இருக்காது. உள்ளே பூவின் உறுப்புகள் ஒவ்வொன்றாக அமைந்துகொண்டிருக்கும்.

ஸ்பெயினின் வலென்சியா ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, கந்தங்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து இதைத் துலக்கியது. பூ உள்ளே உருவாக 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் உகந்தது. அந்த வெப்பத்தில் குறைந்தது 50 நாளாவது இருக்க வேண்டும். 30 டிகிரி போனால் உருவாகும் பூ குறைகிறது. உருவான மொட்டு வெளியே வரவோ வேறு நிபந்தனை: வெப்பம் 17 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். இறங்காமல் அதே இளஞ்சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் மொட்டு உள்ளேயே கருகிவிடும்.

அதாவது ஒரு பெட்டிக்கு இரண்டு பூட்டு. முதல் சாவி மிதமான சூடு, இரண்டாவது சாவி மிதமான குளிர். இரண்டும் அதே வரிசையில் போட்டால்தான் திறக்கும். பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. உறைகுளிர் தேவையில்லை. கோடைக்கும் குளிருக்கும் நடுவே ஒரு தெளிவான இறக்கம், அவ்வளவுதான் தேவை.

பாம்பூரில் அந்த இறக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. அக்டோபரில் பகலில் 22 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 6 டிகிரிக்கு வரும், வானமும் பெரும்பாலும் வெளுத்திருக்கும். அங்கேயே இப்போது கோளாறு தொடங்கிவிட்டது. 1990களின் நடுவில் ஏறத்தாழ 5,700 ஹெக்டேரில் இருந்த காஷ்மீர்க் குங்குமப்பூச் சாகுபடி 3,700 ஹெக்டேரை ஒட்டிச் சுருங்கியிருக்கிறது. மழை தவறுவது, வீடு கட்ட நிலம் போவது, கிழங்கு அழுகுவது என்று காரணங்கள் பல. 2010இல் நடுவண் அரசு தேசியக் குங்குமப்பூ இயக்கம் என்று ஒரு திட்டமே தொடங்கிச் சொட்டுநீரும் ஆழ்துளைக் கிணறும் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு கந்தத்தின் ஓராண்டு

12 கிராம் எடையுள்ள ஒரு கந்தத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சூலக்கரை மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் அரை அடி ஆழத்தில் புதைத்துவிட்டு, குளிர்சாதனம் எதுவும் இல்லாமல் ஓராண்டு என்ன ஆகும் என்று தொடர்ந்து பார்ப்போம்.

மே மாதம். பகல் வெயில் 38, 39 டிகிரி. சில நாள் 40 தாண்டும். இரவில் 26, 27. அரை அடி மண்ணுக்குள் பகல் சூடும் இரவு ஆறுதலும் கலந்து சராசரியாகிவிடும். நல்லதுதான், ஆனால் நம் ஊரின் சராசரியே 32க்கு மேல். தரையில் புதைத்தாலே இந்தக் கதி. மாடித் தொட்டியோ நாலு பக்கமும் வெயில் வாங்கும், அதன் மண் இன்னும் சுடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் பெரிய மாற்றமில்லை. முதல் பூட்டு திறக்கவில்லை. கந்தம் சாகவில்லை, அதற்குள் மொட்டு ஒழுங்காக உருவாகவில்லை என்பதே விஷயம்.

இங்கே கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி உண்டு. நம் காற்று காய்ந்த காற்று என்பதால் மண்பானையில் தண்ணீர் நன்றாகக் குளிரும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல் என்று வைத்தால், 38 டிகிரி வெயிலிலும் உள்ளே 27, 28க்கு இறக்கலாம். நிழலும் காற்றோட்டமும் வேண்டும். உள்பானை ஈரம் கசியாததாக, பீங்கான் ஜாடியாக இருக்க வேண்டும். மூடியில் காற்றுப் போக இடம் விட வேண்டும். பைசா செலவில்லாமல் முதல் பூட்டின் வாசல் வரை போய்விடலாம். ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிற வீட்டுக்கு இது பெரிய காரியமில்லை.

செப்டம்பர், அக்டோபர். காஷ்மீர்க் கந்தம் குளிரை உணர்கிற நேரம். சூலக்கரையில் பகல் இன்னும் 33, 34. இரவு 24, 25. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கொஞ்சம் தணியும். தணிந்தாலும் 17 டிகிரி என்பது இந்த ஊர் அறியாத எண். மார்கழி விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான். பானைக் குளிர்ச்சியும் கைவிரிக்கும், ஏனென்றால் காற்று ஈரமாகிவிட்ட மாதத்தில் பானை குளிராது. இரண்டாவது பூட்டு மூடியே கிடக்கிறது.

நவம்பரில் நம் கந்தத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்க்கும். வீட்டில் கொண்டாட்டமாக இருக்கும். முளையைப் பிரித்துக்கொண்டு வருவது இலை. புல்லைவிடக் கொஞ்சம் தடித்து, நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் ஊசி இலைகள் ஏழெட்டு. பூ வராது.

இலை வந்ததில் ஒரு பயன் உண்டு. தாய்க்கந்தம் ஓராண்டுக்கு மேல் வாழாது. தன் சத்தை எல்லாம் செலவழித்துச் சுருங்கிச் சக்கையாகும். அதன் தலைமேல் சேய்க்கந்தங்கள் இரண்டு மூன்று உருவாகும். அவற்றைக் கொழுக்க வைப்பது இந்த இலைகள்தாம். ஒவ்வோர் ஆண்டும் சேய், தாயின் மேல் உட்காருவதால் கந்தம் படிப்படியாகத் தரைமட்டத்தை நோக்கி ஏறும். அதைத் தடுக்க ஒரு விந்தையான ஏற்பாடு இருக்கிறது: சேய்க்கந்தத்திலிருந்து தடித்த, வெள்ளையான தனி வேர் ஒன்று இறங்கி, பிறகு குறுக்குவாக்கில் சுருக்கம் விழுந்து குட்டையாகும். குட்டையாகும்போது கந்தத்தைக் கீழே இழுக்கும். இதை இழுவேர் என்று அழைக்கலாம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் சட்டைக் கை மடிப்பு மாதிரி வரி வரியாக இருப்பதை வைத்து அடையாளம் காணலாம்.

பாம்பூரில் இலைகள் மே வரை பச்சையாக நின்று சேய்களைப் பெருக்கவைக்கும். சூலக்கரையில் மாசி பிறந்ததும் வெயில் 33ஐத் தாண்டும், பங்குனியில் 36. இலை நுனி கருகி, அங்கே இரண்டு மாதம் கழித்து நடக்க வேண்டியது இங்கே முன்கூட்டியே நடந்துவிடும். தோண்டிப் பார்த்தால் 12 கிராம் இருந்த இடத்தில் மூன்று, நான்கு கிராமில் சில பொடிக் கந்தங்கள். அடுத்த ஆண்டு அவற்றுக்குப் பூக்கும் எடையே வராது. அதற்கடுத்த ஆண்டு தொட்டியில் மண் மட்டும் இருக்கும்.

கொடைக்கானல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். 2,000 மீட்டருக்கு மேலான அந்த உயரத்தில் குளிர் பிரச்சினையில்லை, அங்கே சிலர் முயன்று பூக்க வைத்த செய்திகளும் வந்தன. ஆனால் காஷ்மீரில் வானம் வெளுத்திருக்கும் அக்டோபர், நவம்பர்தான் கொடைக்கானலின் அடைமழைக் காலம். ஓரிரு நாளில் வாடிவிடும் பூவை மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே பறித்துக் காயவைப்பது தனிப் பாடு. குளிர் கிடைத்தால் மழையும் சேர்ந்து வருகிறது என்பதுதான் தென்னாட்டு மலைகளின் சிக்கல்.

ஏசி அறையின் கணக்கு

மண்ணில்லாமல், அறைக்குள், தட்டில் குங்குமப்பூ பூக்க வைக்கிறார்கள். அது பொய் அல்ல. கோடையில் பூ உருவாகும்போது கந்தத்துக்கு மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சத்தெல்லாம் கையிருப்பில் இருக்கிறது. மரத்தட்டில் நிமிர்த்தி அடுக்கிவைத்து, 25 டிகிரியில் கோடையைக் கழித்து, பிறகு 17 டிகிரிக்கு இறக்கினால் வெறும் தட்டிலேயே ஊதா நிறத்தில் பூக்கும். ஆறு இதழ்கள், மஞ்சள் மகரந்தத்தாள் மூன்று, நடுவிலிருந்து தொங்கும் மூன்று செந்நிற இழைகள். அந்த மூன்று இழைகள்தாம் குங்குமப்பூ என்று நாம் விலை கொடுத்து வாங்குவது. பூவின் பெண்ணுறுப்பு நுனி அது, தாவரவியலில் சூல்முடி.

ஒரு கிலோ காய்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் தேவை. அப்படியென்றால் ஒரு கிராமுக்கு 150 பூ. கந்தத்துக்கு இரண்டு மூன்று பூ என்றால் ஒரு கிராமுக்கு 60 கந்தம். பாலில் ஆறு இழை போட்டால் அது இரண்டு பூ.

சூலக்கரையில் ஒரு சின்ன அறையை ஒதுக்கி, அடுக்கு அலமாரி போட்டு 1,000 கந்தம் வைப்பதாகக் கொள்வோம். 1 டன் ஏசி, மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட். கம்ப்ரசர் பாதி நேரம்தான் ஓடுகிறது என்று தாராளமாகவே கணக்கிடலாம். கோடையில் 90 நாளுக்கு 1,080 யூனிட். 17 டிகிரியில் பூக்க வைக்க 45 நாளுக்கு 540 யூனிட். பூத்த பிறகு கந்தங்களைத் தொட்டிக்கு மாற்றி இலை வளர்க்க வேண்டும், அதற்கும் குளிர் வேண்டும், 150 நாளுக்கு 1,800 யூனிட். மொத்தம் 3,420. யூனிட் 8 ரூபாய் என்றாலும் 27,000 ரூபாயைத் தாண்டுகிறது, இலைக்குப் போடும் விளக்குச் செலவு தனி. விளைச்சல்? 1,000 கந்தத்துக்கு 2,500 பூ, அதாவது 16, 17 கிராம். கிராம் 400 ரூபாய் என்று விற்றாலும் 7,000 ரூபாய் தேறாது.

நன்றாக வெப்பம் தடுத்த பெரிய அறையில், பல்லாயிரம் கந்தங்களை நெருக்கி அடுக்கினால் கணக்கு மாறும், மறுக்கவில்லை. ஆனால் இலைப் பருவத்தைச் சரியாக நடத்தாவிட்டால் ஆண்டுதோறும் கிழங்கை விலைக்கு வாங்க வேண்டிவரும், லாபம் அதில் கரைந்துவிடும். "வீட்டு அறையில் குங்குமப்பூ, லட்சங்களில் வருமானம்" என்று அழைக்கும் பயிற்சி வகுப்புகளில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன ஆண்டு நீங்கள் விற்ற பூ எத்தனை கிராம், கிழங்கு எத்தனை கிலோ?

ஃப்ரிட்ஜில் ஒரு குளிர்காலம்

வருமானம் வேண்டாம், குரோக்கஸ் பூவை ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும் என்பவருக்கு வழி இருக்கிறது. ஐரோப்பியத் தோட்டங்களில் பனி விலகும்போது முதலில் தலைகாட்டும் ஊதா, வெள்ளை, மஞ்சள் குரோக்கஸ்கள் குங்குமப்பூவின் உறவினர்கள். இழையில் மணமும் நிறமும் இருக்காது, பூ மட்டும் அழகு. இவற்றின் பூட்டு வேறு: குங்குமப்பூவுக்குத் தேவைப்படாத நீண்ட குளிர் இவற்றுக்குக் கட்டாயம் தேவை. 4 முதல் 9 டிகிரியில் மூன்று மாதம், அதாவது நம் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு.

கந்தங்களைச் சற்றே ஈரமான தென்னை நார்க் கழிவில் புதைத்த சின்னத் தொட்டியோடு, செப்டம்பர் கடைசியில் உள்ளே வைக்கலாம். பக்கத்தில் வாழைப்பழமோ ஆப்பிளோ மட்டும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். டிசம்பர் கடைசியில், வெள்ளை முளை விரல்நுனி அளவு வந்ததும் எடுத்து, ஏசி ஓடும் அறையில் வெளிச்சமான சன்னலோரம் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பூக்கும். நாலைந்து நாள் நிற்கும். அதற்குப் பிறகு நம் வெயிலில் அந்தக் கந்தம் தேறாது, குப்பைக்குத்தான்.

குங்குமப்பூக் கந்தத்தை இதே மாதிரி ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. பயனில்லை. 17 டிகிரி கேட்பதற்கு 5 டிகிரி கொடுப்பது தீர்வாகாது.

பெயர் குரோக்கஸ், உறவு காந்தள்

ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் புல்வெளிகளில் பூக்கும் ஒரு செடியையும் குரோக்கஸ் என்றே ஊரார் அழைக்கிறார்கள். உருவமும் நிறமும் அச்சாக அதே. ஆனால் மகரந்தத்தாளை எண்ணினால் மூன்றுக்குப் பதில் ஆறு. இதன் பெயர் கோல்சிகம். உடம்பெல்லாம் கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு.

இந்தக் கோல்சிகத்தின் குடும்பத்தில் நமக்கு மிகவும் தெரிந்த ஒன்று இருக்கிறது: செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று ஊருக்கொரு பெயர். இதிலும் அதே கோல்சிசின். மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வலிக்கும் கீல்வாதத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையில் இருப்பது இதுதான். அதற்காகவே மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் காந்தளைப் பந்தல் போட்டுப் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்கள் விலகாமல் தடுக்கும் தன்மையும் கோல்சிசினுக்கு உண்டு. விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கும் வேலையின் முதற்படியில் குரோமோசோம் தொகுதிகளை இரட்டிப்பாக்கப் பயன்பட்டதும் இதுவே. இயற்கை குங்குமப்பூவில் தற்செயலாகச் செய்ததை, மனிதன் தர்ப்பூசணியில் திட்டமிட்டுச் செய்தான்.

காந்தளும் குங்குமப்பூவைப் போலக் கிழங்காகி உறங்குகிற செடிதான். அதன் பூட்டுக்குச் சாவி மட்டும் குளிர் அல்ல, மழை. அதனால்தான் அது நம் ஊர்ச் செடி.

சூலக்கரைத் தொட்டிக்கு

குரோக்கஸ் போலத் தோன்றும் பூ மாடியில் கூட்டமாகப் பூக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர் நர்சரியில் ரெயின் லில்லி என்று கேட்டு வாங்கலாம். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த செடி. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கிடைக்கும். இது கந்தம் அல்ல, வெங்காயம் போன்ற அடுக்குக் குமிழம். காய்ச்சலுக்குப் பின் ஒரு நனைப்பு வந்தால் நாலைந்து நாளில் பூத்துவிடும். சித்திரையில் ஓர் இடிமழை, அடுத்த வாரம் தொட்டி நிறையப் பூ. மழை வராவிட்டால் நாமே ஏமாற்றலாம்: மூன்று நான்கு வாரம் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஒரு மாலையில் தொட்டி வழிய வழிய ஊற்ற வேண்டும். குமிழங்கள் நெருங்கித் தொட்டி பிதுங்கும்போது பிரித்து நடலாம். இதன் குமிழமும் உண்ணத் தகாதது, வெங்காயம் போட்ட கூடைப் பக்கம் வைக்காதீர்கள்.

இடமும் வேலியும் இருந்தால் காந்தள். ஆனி, ஆடியில் நட வேண்டும். கிழங்கு கவட்டை வடிவில் இருக்கும், முளை அதன் நுனியில் மட்டுமே உண்டு. அந்த நுனி ஒடிந்துவிட்டால் மிச்சக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி ஏறுவதால் குச்சியோ கம்பி வலையோ கொடுங்கள். பூ பச்சை மஞ்சளில் தொடங்கி நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போகும். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். விதை வேண்டுமென்றால் விவசாயிகள் செய்வதுபோலக் காலையில் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். இலை காய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டுதான் நடவும் தோண்டவும் வேண்டும். கிழங்கைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள், கோல்சிசின் நஞ்சுக்கு முறிவு மருந்து வழக்கில் இல்லை. சின்னக் குழந்தைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீட்டில் காந்தள் வேண்டாம், ரெயின் லில்லியே போதும். வளைகாப்புக்குத் தேவையான அந்த ஒரு கிராமை நம்பகமான கடையில், பொடியாக அல்லாமல் இழையாகவே பார்த்து வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் போட்டதும் சிவப்பு குபுகுபுவென்று கரைந்து இழை வெளுத்துப்போனால் அது சாயம். உண்மையான இழை மெல்ல மெல்லப் பொன்மஞ்சளை விடும், கால்மணி நேரம் கழித்தும் சிவப்பாகவே இருக்கும்.